பல்லில் உட்காரும் வரை

பிப்ரவரி 9

தம்பிக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நேற்று மதியம் வாசல் மணி அடித்தது. திறந்தால் கையில் டேப்போடு ஒருவர் நிற்கிறார். "கார் லிஃப்ட் மாட்டறதுக்கு ஷெட்டைப் பாக்கணும்னு சார் வரச் சொன்னாரு" என்றார். வீடு மாறி வந்துவிட்டார் போல என்று எதிர் வீட்டுப் பெயின்டரின் கதவைக் காட்டப் போனேன். அதற்குள் உன் அண்ணன் பின்னாலிருந்து "வாங்க வாங்க" என்று என்னை ஒதுக்கிக்கொண்டு வெளியே வந்தார். பரீட்சையில் பிட் அடித்துப் பிடிபட்ட பையனின் முகம். என்ன இது என்று கேட்டேன். "தம்பிதான் சொன்னான், ஜாக்கியை விட லிஃப்ட் எவ்வளவோ மேல்னு" என்று பழியைத் தூக்கி உன் தலையில் வைத்துவிட்டார்.

நீ அங்கே துறைமுகத்தில் கிரேனில் உட்கார்ந்து பெட்டிகளை ஏற்றி இறக்குகிறாய். சந்தோஷம். அதோடு நிறுத்திக்கொள். இங்கே என் வீட்டுக்காரரையும் சேர்த்து ஏற்றிவிடாதே.

உனக்கு மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். முந்தின வருஷம் அதே ஷெட்டில், அதே காருக்கு அடியில் அவர் மல்லாந்து படுத்திருந்தபோதுதான் ஜாக்கி சரிந்தது. வலது தோள் எலும்பு போயிற்று, விலா எலும்புகள் போயின. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று "இனிமே கார் பக்கமே போக மாட்டேன்" என்று என் கையைப் பிடித்துச் சொன்னார். நானா கேட்டேன்? அவராகவே சொன்னது. இப்போது தண்ணீர் ஆபீஸில் மீட்டர் கணக்குப் பார்த்துவிட்டு வந்து சோபாவில் உட்கார்கிறார். கார் ரிப்பேர் என்றால் மெக்கானிக்கிடம் போகிறது. எனக்கு இது போதும்.

போனில் இதையெல்லாம் பேச முடியாது. நான் போனை எடுத்தாலே பக்கத்தில் வந்து உட்கார்ந்து "ஸ்பீக்கர்ல போடு" என்கிறார். அதனால் நான் வேலை பார்க்கிற கடையில், திரைச்சீலை அளவுகளைப் பதிகிற கணினியில் உட்கார்ந்து தட்டுகிறேன். நீயும் இந்த விலாசத்துக்கே எழுது. "அண்ணா, லிஃப்ட் வேண்டாம்" என்று அவரிடம் ஒரு வார்த்தை சொல். நீ சொன்னால் கேட்பார்.

உன் அண்ணி

பிப்ரவரி 14

அண்ணிக்கு வணக்கம்.

நான் சொன்னால் அண்ணன் கேட்பார் என்று எழுதியிருக்கிறீர்கள். படித்துவிட்டுச் சிரித்தேன். கிரேனுக்குக் கீழே நின்று சைகை காட்டுகிறவர் என்ன ஆச்சு என்று கேட்டார்.

நான் ஏற்றிவிடவில்லை. போன மாதம் அவரே கூப்பிட்டார். "மெக்கானிக் கடை வாசல்ல பெஞ்சுல உக்காந்திருக்கேன்டா. உள்ள என் காரை ஒருத்தன் சுத்தியலால அடிக்கறான். சத்தத்துலயே தெரியுது, தப்பான இடத்துல அடிக்கறான். நான் எந்திரிச்சுப் போய்ச் சொல்லல" என்றார். சொல்லாமல் விட்டதுதான் என்னை உறுத்தியது. நம்ம அண்ணன் சும்மா இருக்கிற ஆளா? அப்போதுதான் லிஃப்டைப் பற்றிச் சொன்னேன். ஜாக்கி சரியும். ஒழுங்கான லிஃப்ட், ஒழுங்காக மாட்டி, ஒழுங்காகப் பயன்படுத்தினால் சரியாது. படுக்கவும் வேண்டாம்.

ஆனால் நான் சொன்னதில் "லிஃப்ட்" மட்டும்தான் அவர் காதில் விழுந்திருக்கிறது, மூன்று "ஒழுங்கு"ம் விழவில்லை. ரெண்டு தூண் லிஃப்டுதான் வேண்டும் என்கிறார். பட்டறையில் பார்த்தது அழகாக இருந்ததாம். அந்த ரெண்டு தூணும் தரையில் இறக்கிய போல்ட்டை நம்பித்தான் நிற்கும். மொத்தக் காரும் அந்த போல்ட்டுகளைப் பிடுங்கப் பார்க்கும். தரை குறைந்தது நாலு இஞ்ச் நல்ல கான்கிரீட்டாக இருக்க வேண்டும், அதுவும் விரிசல் இல்லாமல். கார் மேலே போனால் கூரையில் இடிக்காத உயரமும் வேண்டும். கேட்டால் "எல்லாம் சரியா இருக்கு" என்கிறார். அளந்தாரா என்றால் பேச்சை மாற்றுகிறார்.

நீங்கள் ஜன்னல் அளக்கிறவர். அண்ணன் அளந்தால் அவருக்கு வேண்டிய அளவுதான் வரும். தயவுசெய்து கூரை உயரத்தையும் தரையின் கனத்தையும் பார்த்து எழுதுங்கள்.

அன்புடன்,
தம்பி

பிப்ரவரி 23

தம்பிக்கு,

கெட்டிக்காரன் நீ. நிறுத்தச் சொல்லி எழுதினால் எனக்கே வேலை கொடுக்கிறாய்.

அளந்தேன். உனக்காக இல்லை. உன் அண்ணன் சொல்வது பொய் என்று எழுத்தில் இருக்கட்டுமே என்று. தரையிலிருந்து கூரை ஒன்பது அடி கூட இல்லை. கதவு மேலே சுருட்டிக்கொள்ளும் தண்டவாளம் அதற்கும் கீழே தொங்குகிறது. காரே கிட்டத்தட்ட ஐந்தடி. ஆக, கார் முழுசாக மேலே போய், உன் அண்ணன் அதன் கீழே நெஞ்சை நிமிர்த்தி நிற்கும் காட்சி கனவில்தான்.

தரைக்கு, அந்த லிஃப்ட் ஆளையே மறுபடி வரச் சொன்னேன். மூலையில் சின்னதாக ஒரு துளை போட்டுப் பார்த்தார். மூன்று இஞ்ச் போவதற்குள் டிரில் தடுக்கி விழுந்த மாதிரி உள்ளே போய்விட்டது. கீழே வெறும் மணல். "இதுல போல்ட் போட்டா தரையோட சேர்ந்து வந்துடும்மா" என்றார். நல்ல மனிதர். விற்காமலே போய்விட்டார்.

சாயங்காலம் உன் அண்ணன் வந்து துளையைப் பார்த்தார்.

"யாரு போட்டது இது?"

"நான்தான் போடச் சொன்னேன்."

"என்னைக் கேக்காமயா?"

"லிஃப்ட் ஆள என்னைக் கேட்டுட்டா வரச் சொன்னீங்க?"

"எல்லாம் சரியா இருக்குன்னு சொன்னேன்ல?"

"மூணு இஞ்ச்தான் இருக்கு. கீழ மணல்."

அவர் குனிந்து துளையில் விரலை விட்டுப் பார்த்தார். தப்பு என்று தெரிந்தும் ஒப்புக்கொள்ளாத ஆளை நீ பார்த்ததில்லை என்றால் வந்து பார்த்துக்கொள். "உனக்கு இப்ப சந்தோஷந்தானே?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் டிவி மட்டும்தான் பேசுகிறது.

பரவாயில்லை. லிஃப்ட் வராது. எனக்கு நிம்மதி.

அண்ணி

பிப்ரவரி 26

அண்ணிக்கு,

நேற்று அண்ணனைக் கூப்பிட்டேன். தரை விஷயத்தை எடுத்ததும் "உனக்கு யார் சொன்னது?" என்று கேட்டார், வைத்துவிட்டார். மறுபடி கூப்பிட்டேன், எடுக்கவில்லை. நான் எந்தப் பக்கம் என்று இப்போது அவருக்கும் தெரியவில்லை, உங்களுக்கும் தெரியவில்லை. எனக்கே தெரியவில்லை.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கோபித்தாலும் பரவாயில்லை. "நிம்மதி" என்று எழுதியிருந்தீர்கள். ரெண்டு தூண் வராது என்பதுதான் முடிவானது. வேறு வகை இருக்கிறது. அதை நான் சொல்வதற்குள் நீங்கள் கதவைச் சாத்திவிட்டீர்கள். அண்ணனை சோபாவில் பத்திரமாக உட்கார வைத்திருக்கிறீர்கள். அவருக்கும் ஒரு உறை மட்டும்தான் இன்னும் தைத்துப் போடவில்லை.

கத்தரி மாதிரி விரிந்து தூக்குகிற லிஃப்ட் ஒன்று உண்டு. பாதி உயரம்தான் போகும். உங்கள் கூரைக்கு அது போதும். அகலமான இரும்புத் தட்டில் நிற்பதால் பாரம் பரவி இறங்கும். அந்தத் தரை அதைத் தாங்குமா என்று விற்பவர்களிடம் எழுதி வாங்க வேண்டும். தாழ்ந்த ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வேலை பார்க்கலாம். வேண்டுமா வேண்டாமா என்று அவரைச் சொல்ல விடுங்கள்.

தம்பி

மார்ச் 6

கொழுந்தனாருக்கு,

உறை விஷயம் நன்றாக இருந்தது. கடையில் மற்றவர்களுக்கும் படித்துக் காட்டலாம் என்று நினைத்தேன், வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

ஜாக்கி சரிந்த அந்த நாளைப் பற்றி எல்லாரும் அவரிடம்தான் கேட்டார்கள். வலிச்சுதா, எவ்வளவு நேரம் ஆச்சு, டாக்டர் என்ன சொன்னார். நீங்களும் போன் செய்து அவரிடம்தான் கேட்டீர்கள். அதனால் இப்போது என்னிடம் கேட்டதாக வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

நான் சமையலறையில் இருந்தேன். பெரிய சத்தமெல்லாம் இல்லை. பீரோவை நகர்த்துகிற மாதிரி ஒரு சத்தம். போய்ப் பார்த்தால் கார் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது, வெளியே ரெண்டு கால்கள். ஜாக்கி பக்கத்திலேயே கிடந்தது. அதை எங்கே வைக்க வேண்டும், எப்படி ஏற்ற வேண்டும் என்று எனக்குத் தெரியாது. அவரைக் கேட்டேன். அவருக்குப் பேச மூச்சு இல்லை, வாய் மட்டும் அசைந்தது. கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் ஷெட்டுக்குள் காலை வைத்தாலே "இங்க உனக்கென்ன வேலை, சேலையெல்லாம் கிரீஸ் ஆயிடும்" என்பார். கைப்பிடியை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று ஒரு நாள் காட்டியிருந்தால் போதும். தெருவில் போய்க் கத்தினேன். எதிர் வீட்டுப் பெயின்டரும் அவர் மகன்களும் ஓடி வந்து காரைத் தூக்கிப் பிடித்தார்கள். அவர்கள் வரும் வரை நான் அந்தக் கால்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

அவரை சோபாவில் வைத்திருக்கிறேன் என்கிறீர்கள். ஆமாம், வைத்திருக்கிறேன்.

இப்போது என் பேச்சு. அந்தக் கத்தரி லிஃப்ட் வரட்டும். ஆனால் எதை வாங்குவது என்று நான்தான் முடிவு செய்வேன். எப்படி ஏற்றுவது, எப்படி இறக்குவது எல்லாம் எனக்கும் தெரிய வேண்டும். நான் வீட்டில் இல்லாதபோது அதன் கீழே யாரும் போகக் கூடாது. இதை உங்கள் அண்ணனிடம் நீங்களே சொல்லுங்கள். ஏற்றிவிடத் தெரிந்தவருக்கு இதுவும் தெரியும்.

அண்ணி

மார்ச் 9

அண்ணி,

உறை என்று எழுதியதற்கு மன்னியுங்கள். கால்கள் விஷயம் எனக்குத் தெரியாது. ரெண்டு நாள் வேலையில் கவனமே இல்லை, மேற்பார்வையாளர் திட்டினார். திட்ட வேண்டியதுதான்.

அண்ணனிடம் சொல்லிவிட்டேன். நீளமாகச் சொன்னேன், இந்த முறை வைக்கவில்லை. "அரை லிஃப்டா?" என்று முனகினார். பிறகு "சரி, அவ சொல்றபடி" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனாலும் சொன்னார்.

உங்கள் கார் ஆயிரத்து நானூறு கிலோ இருக்கும். லிஃப்ட் அதை விட நல்ல தாராளமாகத் தாங்குவதாக இருக்கட்டும், இழுத்துப் பிடித்து வாங்காதீர்கள். சோதனை செய்த முத்திரைத் தகடு அடித்திருக்கிறதா பாருங்கள். விலை குறைவாகத் தகடு இல்லாமல் ஒன்று காட்டுவார்கள், திரும்பிக்கூடப் பார்க்க வேண்டாம்.

மற்றதெல்லாம் கையேட்டில் இருக்கும். ஒன்றை மட்டும் நானே சொல்ல வேண்டும். தூக்குவது எண்ணெயின் அழுத்தம். அது தூக்கத்தான், பிடித்து நிற்க இல்லை. ஏறும்போது இரும்புப் பல்லில் ஒவ்வொன்றாகப் பூட்டு விழும், டக் டக் என்று கேட்கும். வேண்டிய உயரம் வந்ததும் கொஞ்சம் இறக்கி, பூட்டு பல்லில் உட்காருகிற வரை விட வேண்டும். உட்கார்ந்த பிறகுதான் கீழே தலையை நீட்டலாம். அதற்கு முன்னால் கையைக்கூட நீட்டக் கூடாது.

தம்பி

ஏப்ரல் 20

தம்பிக்கு,

இத்தனை நாள் எழுதவில்லை, ஏனென்றால் எல்லாம் நன்றாக இருந்தது. இப்போது எழுதுகிறேன் என்றால் நீயே புரிந்துகொள்.

லிஃப்ட் வந்தது. மடித்த இஸ்திரி மேஜை மாதிரி தரையோடு தரையாகக் கிடந்தது. முதல் நாளே தகராறு. காரின் அடியில் எங்கே தாங்கு கொடுக்க வேண்டும் என்று கையேட்டில் படம் இருக்கிறது, நான் விளக்கு அடித்து அந்த இடங்களைக் கண்டுபிடித்து வைத்திருந்தேன். அவர் காரைத் தாங்கும் ரப்பர் கட்டைகளைக் கண்ணளவில் தள்ளிவிட்டு பட்டனை அழுத்திவிட்டார். சக்கரம் தரையை விட்டதும் நிறுத்தி, தள்ளிப் பார்க்கச் சொல்லியிருக்கிறது. தள்ளினேன். பின்பக்கம் ஆடியது.

"இறக்குங்க."

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாது. நீ உள்ள போ."

"நான் உள்ள போனா ப்ளக்கும் என்னோட வரும்."

இறக்கினார். பார்த்தால் ஒரு கட்டை கனமான விளிம்பில் இல்லாமல் மெல்லிய தகட்டின் மேல் இருக்கிறது. தகடு நசுங்கியிருந்தது. அதற்கப்புறம் என்னை உள்ளே போகச் சொல்லவில்லை. சக்கரங்களைக் கழற்றினார், பிரேக் மாற்றினார், இல்லாத அழுக்கையெல்லாம் துடைத்தார். வாய்க்குள் ஏதோ பாட்டுக்கூட. சரி, நாம்தான் அதிகம் பயந்துவிட்டோமோ என்று நினைத்தேன். நினைத்திருக்கக் கூடாது.

செவ்வாய்க்கிழமை ஒரு வீட்டில் அளவு எடுக்க வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், சீக்கிரம் வந்தேன். அவருக்கு அன்றைக்கு லீவு. ஷெட் கதவு பாதி திறந்திருக்கிறது. கார் மேலே. அவர் கீழே, ஸ்டூலில், தலை காருக்குள் இருக்கிற மாதிரி. நான் இல்லாதபோது கூடாது என்ற பேச்சு எங்கே போயிற்று? சத்தம் போடாமல் குனிந்து பூட்டைப் பார்த்தேன். பல்லில் உட்காரவில்லை. நடுவில் வெளிச்சம் தெரிந்தது.

"வெளிய வாங்க."

"ரெண்டு நிமிஷம்."

"வெளிய வாங்க."

வந்தார். என் முகத்தைப் பார்க்காமல் கை கழுவப் போனார். நான் சுவிட்சை அணைத்து, ப்ளக்கைப் பிடுங்கி, பையிலிருந்த துணிக் கத்தரியால் வயரை வெட்டினேன். கத்தரி கெட்டுப்போயிற்று, இப்போது பருத்தித் துணிகூட வெட்டுப்படாமல் மடிகிறது. எத்தனை வருஷக் கத்தரி தெரியுமா.

மறுநாள் காலையில் ரெண்டு பேரும் ஷெட்டுக்குப் போனோம். முந்தின நாள் காரின் முன்பக்க விளிம்பு சுவர் அலமாரிப் பலகைக்கு மேலே இருந்தது. காலையில் பலகைக்குக் கீழே. நாலு விரல் அளவு தானாகவே இறங்கி, பல்லில் உட்கார்ந்திருக்கிறது. யாரும் தொடவில்லை. அவர் பலகைக்கும் காருக்கும் நடுவே விரல்களை வைத்து வைத்துப் பார்த்தார். அப்படியே ஆபீஸுக்குப் போய்விட்டார், சாப்பாட்டு டப்பாவைக்கூட எடுக்கவில்லை.

இப்போது கார் அந்தரத்தில் நிற்கிறது. இறக்க வேண்டும் என்றால் முதலில் கொஞ்சம் ஏற்றிப் பூட்டை விடுவிக்க வேண்டுமாம். ஏற்ற கரண்ட் வேண்டும். கரண்டுக்கு ப்ளக் வேண்டும். அதை நான் வெட்டியாயிற்று. பஸ்ஸில் நின்றுகொண்டு கடைக்குப் போகிறேன். உனக்கு நன்றி.

அண்ணி

ஏப்ரல் 24

அண்ணிக்கு,

நாலு விரல் என்று படித்ததும் என் விரல்களைச் சேர்த்து வைத்து அளந்து பார்த்தேன். பூட்டு தன் வேலையைச் செய்திருக்கிறது, அது நல்லது. அந்த நாலு விரலுக்குள் அவர் தலை இருந்திருந்தால் என்று நினைக்க வேண்டாம். நான் நினைத்துவிட்டேன், ஒருவர் போதும்.

நேற்று அண்ணன் கூப்பிட்டார். ப்ளக் எங்கே கிடைக்கும், எத்தனை ஆம்பியர் என்று ஆரம்பித்தார். டேப் சுற்றி ஒட்டாதீர்கள், எலக்ட்ரீஷியனை வைத்து மாற்றுங்கள் என்றேன். சரி என்றார். அப்புறமும் வைக்கவில்லை. ஏன் பூட்டாமல் போனீர்கள், உங்களுக்கு மூளை இருக்கிறதா என்று கத்தினேன். என் வாழ்க்கையில் அண்ணனிடம் கத்தியது இதுதான் முதல் தடவை. திருப்பிக் கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தவில்லை.

"கை எட்டலடா" என்றார்.

அன்றைக்கு இஞ்சின் எண்ணெய் மாற்றப் போயிருக்கிறார். அடியில் இருக்கிற போல்ட்டைக் கழற்ற வேண்டும். ஸ்டூலில் உட்கார்ந்தால் கை தலைக்கு மேலே போக வேண்டும். அவர் வலது கை தோளோடு நின்றுவிடுகிறது. காரைக் கொஞ்சம் இறக்கியிருக்கிறார், ஏற்றியிருக்கிறார், இடது கையால் வலது முழங்கையைத் தூக்கிப் பிடித்தும் பார்த்திருக்கிறார். பல் இருக்கிற உயரத்தில் கை எட்டவில்லை. கை எட்டுகிற உயரத்தில் பல் இல்லை. அதனால்தான் நடுவில் நிறுத்தி வைத்திருந்தார். வெகு நேரம் முயன்றாராம், போல்ட் அசையவே இல்லையாம்.

நாம் எல்லாவற்றையும் அளந்தோம் அண்ணி. தரை, கூரை, காரின் எடை. அவர் கையை யாரும் அளக்கவில்லை. அவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் லிஃப்டே வேண்டாம் என்று நீங்கள் சொல்லிவிடுவீர்கள் என்று பயம்.

இதை உங்களிடம் சொல்லக் கூடாது என்றார். சொல்லிவிட்டேன். இனி என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. லிஃப்டைத் திருப்பிக் கொடுத்தாலும் சரி, நான் இந்த முறை வாயைத் திறக்க மாட்டேன்.

தம்பி

மே 4

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு இரக்கம் வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. தினமும் அவர் சட்டையை இஸ்திரி போடுகிறவள் நான். முதலில் வலது கையை நுழைத்துக்கொண்டு அப்புறம் மற்றதை இழுத்துக்கொள்கிறார் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் "இப்ப நல்லாயிடுச்சு" என்று ஒவ்வொரு முறையும் சொல்லுவார், நானும் நம்புகிறேன் என்று காட்டிக்கொள்வேன். உன்னிடம் சொல்ல முடிகிறது, என்னிடம் முடியவில்லை. போகட்டும்.

ஞாயிற்றுக்கிழமை எலக்ட்ரீஷியன் வந்து புது ப்ளக் மாட்டினார். அவர் போனதும் உன் அண்ணன் காரை இறக்கினார். "திருப்பி எடுத்துக்கச் சொல்லிடலாம்" என்றார், காரைப் பார்த்துக்கொண்டு.

"எண்ணெய் மாத்தணும்ல?"

"கடையில மாத்திக்கலாம்."

"மறுபடி ஏத்துங்க" என்றேன்.

என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆனாலும் கட்டைகளைப் படத்தில் இருக்கிற இடத்தில் வைத்தார். சக்கரம் தரையை விட்டதும் ரெண்டு பேரும் தள்ளிப் பார்த்தோம், ஆடவில்லை. ஏற்றினார், இறக்கினார், பல்லில் உட்கார்ந்தது. நான் பழைய சட்டை ஒன்றைச் சேலைக்கு மேலே மாட்டிக்கொண்டு ஸ்டூலைக் காருக்கு அடியில் தள்ளினேன்.

"நீ என்ன பண்ற?"

"போல்ட் எங்க இருக்குன்னு சொல்லுங்க."

"உனக்கெதுக்கு இதெல்லாம்? வேணாம்."

"உங்க கை மேல போகுமா?"

நான் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டேன். தம்பி, மேலே ஒரு முழு வண்டி இருக்கிறது என்பது உட்கார்ந்தால்தான் உறைக்கிறது. ஆனால் நான் பயந்ததை விட அவர் செய்த ரகளை பெரிசு. ஸ்பேனரை போல்ட்டில் மாட்டியிருக்கிறேன், "வெளிய வா, வெளிய வா" என்று கத்துகிறார். என்ன ஆச்சோ என்று ஓடி வந்தால், ஒன்றும் இல்லை, பூட்டை இன்னொரு தடவை பார்க்க வேண்டுமாம். குனிந்து பார்த்தார். சரியாக இருந்தது. மறுபடி போனேன். "இரு இரு, அசையாத" என்றார். எதற்கு என்றால், எங்கிருந்தோ சத்தம் கேட்டதாம். பெயின்டர் வீட்டில் கதவைச் சாத்தியிருக்கிறார்கள். மறுபடி கூப்பிட்டார், நான் போகவில்லை. "இன்னொரு தடவை கூப்பிட்டா இங்கேயே படுத்துடுவேன்" என்றேன். அதற்கப்புறம் வாயை மூடிக்கொண்டார். ஆனால் அவர் மூச்சு விடுகிற சத்தம் எனக்கு உள்ளே கேட்டது.

ஸ்பேனரில் தொங்கிப் பார்த்தும் போல்ட் அசையவில்லை. ஸ்பேனருக்கு நீளமான குழாய் ஒன்றை மாட்டி நீட்டினார், அதற்கு அசைந்தது. எண்ணெய் பிடிக்கிற தட்டைக் கீழே தள்ளிவிட்டு வெளியே வருவதற்குள் எண்ணெய் முழங்கை வரை வழிந்துவிட்டது. சூடு இல்லை, நல்ல வேளை.

நிமிர்ந்து பார்த்தேன். ஒரு கை சுவிட்சின் மேல், இன்னொரு கை காரின் விளிம்பில், விழுந்தால் அவரே தாங்கிவிடுவார் என்கிற மாதிரி நிற்கிறார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. முகத்தில் ரத்தமே இல்லை. என்னைத் திட்டப்போகிறார் என்று நினைத்து நானும் தயாராக இருந்தேன். மனதில் மூணு மாதத்து வார்த்தைகள் வரிசையாக இருந்தன.

"கீழ படுத்திருந்தப்போ எனக்கு ஒண்ணும் தெரியலடி" என்றார். "வெளிய நிக்கறது இப்படி இருக்கும்னு..."

துணியை எடுத்து என் கையைத் துடைக்க ஆரம்பித்தார். நான் வாங்கி நானே துடைத்துக்கொண்டேன். லிஃப்டைத் திருப்பிக் கொடுப்பதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. பழைய எண்ணெய் கறுப்பாக, மெலிசான நூல் மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது. அது சொட்டுச் சொட்டாகி நிற்கும் வரை ரெண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

அண்ணி